டேக்கில் உள்ள எண்ணை நம்பிக் கதவைத் திறக்காதீர்கள்

ஆம்பூர் முதல் ராணிப்பேட்டை வரை ஷூ, தோல் கம்பெனிகளுக்கு, ரேடியோ அலை வழியே எண்ணைப் படிக்கும் ஆர்.எஃப்.ஐ.டி புதிதல்ல. பெட்டியில் டேக், ஆளின் கழுத்தில் கார்டு. இரண்டிலும் இருப்பது ஓர் அடையாள எண். அதைக் கையாள்வதில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள் எனக்கு உண்மையாகவே கவலை தருகின்றன.

பெரிய தவறு, எண்ணையே அத்தாட்சியாக எடுத்துக்கொள்வது. பல கேட்டுகளில் ரீடர், கார்டின் யு.ஐ.டி எண்ணை, அதாவது சிப்பின் அடையாள எண்ணை, மட்டும் பார்த்துவிட்டுக் கதவைத் திறக்கிறது. எந்த ரீடர் கேட்டாலும் கார்டு அந்த எண்ணைச் சொல்லிவிடும். அதே எண்ணை எழுதிக்கொள்ளும் வெற்றுக் கார்டுகளும் விலைக்குக் கிடைக்கின்றன. பெயரைச் சொன்னவரெல்லாம் அந்தப் பெயருக்கு உரியவர் ஆகிவிடுவாரா? மைஃபேர் கிளாசிக் என்ற பழைய வகைக் கார்டின் பூட்டு 2008-லேயே உடைக்கப்பட்டுவிட்டது. அதைவிடப் பாதுகாப்பான டெஸ்ஃபயர் கார்டை வாங்கிய பிறகும் ரீடர் யு.ஐ.டியை மட்டும் பார்த்தால் செலவுதான் மிச்சம். கார்டுக்குள் உள்ள ரகசியச் சாவியை ஒவ்வொரு முறையும் சோதிக்கும்படி அமைத்துத் தரச் சொல்லுங்கள்.

பெட்டிகளில் ஒட்டும், சில மீட்டர் தள்ளியும் படிக்கக்கூடிய ஜென்-2 வகை டேக்கில் 32 பிட் கடவுச்சொல் இரண்டு உண்டு. ஒன்று டேக்கில் பிறர் எழுத முடியாதபடி பூட்ட, மற்றது டேக்கை நிரந்தரமாகச் செயலிழக்க வைக்க. பொதுவாக இரண்டும் பூஜ்யமாகவே வரும். இரண்டாவது பூஜ்யமாக இருக்கும்வரை டேக் சாகாது என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். பூட்டாத டேக்கில் வேறு யாராவது ஒரு கடவுச்சொல்லை எழுதி, அதைக் கொண்டே டேக்கைக் கொன்றுவிடலாம். எண்ணையும் மாற்றலாம். சரக்கு கிளம்புமுன் பூட்டுங்கள். எல்லா டேக்குக்கும் ஒரே கடவுச்சொல் வைக்காதீர்கள்.

டேக்கில் உள்ள 96 பிட் அடையாள எண்ணும் ஊமையல்ல. பொருள்களுக்கு எண் தரும் எஸ்.ஜி.டி.ஐ.என் முறையில் எழுதியிருந்தால் கம்பெனி, பொருள், வரிசை எண் மூன்றும் அதிலேயே இருக்கும். பள்ளிகொண்டா டோல்கேட் பக்கம் டீக்கு நிற்கும் தார்ப்பாய் லாரியில் என்ன போகிறது என்று சில மீட்டர் தள்ளி நின்றே ஒருவர் படிக்க முடியும். விலையையும் வாங்குபவர் பெயரையும் டேக்கின் உபரி நினைவகத்தில் எழுதுவது வேண்டவே வேண்டாம்.



வரிசை எண்ணை அப்படியே இணைய லிங்கில் வைப்பதும், எண்ணையே அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளும் அதே தவறுதான். சிகிச்சைக்காக வேலூர் வந்த உறவினருக்கு ஒரு லேப், ரிப்போர்ட் பார்க்க லிங்க் அனுப்பியது. கடைசி எண்ணில் ஒன்றைக் கூட்டினேன். யாரோ ஒரு பெண்ணின் ரத்தப் பரிசோதனை திறந்தது. உடனே மூடிவிட்டு லேப்புக்குப் போன் செய்தேன். எண்ணை நீளமாக்குகிறோம் என்றார்கள். அது போதாது, திறப்பவர் யார் என்று ஓ.டி.பி கேளுங்கள் என்றேன்.