இரண்டு மேசன் வந்தால் வேலை பாதி நாளில் முடியுமா? ப்ரொஜெக்ட் மென்பொருள் போடும் கணக்கு

உப்புவெளியில் ஒரு சிறிய விருந்தினர் விடுதியைத் திருத்துகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாரி மழை விட்ட பிறகு தொடங்கி, ஏப்ரலில் வெளிநாட்டுக்காரர் வருமுன் முடிக்க வேண்டும். இந்த வேலையை வைத்தே, வேலைகளைத் திட்டமிட உதவும் மைக்ரோசொஃப்ட் ப்ரொஜெக்ட் மென்பொருள் நாட்களைக் கணக்கிடும் விதத்தைப் பார்ப்போம்.

முதலில் நாட்காட்டி. மென்பொருளோடு வருவது திங்கள் முதல் வெள்ளி வரை, நாளுக்கு 8 மணித்தியாலம். நம்முடைய மேசன்மார் சனிக்கிழமையும் வருவார்கள். 'சேஞ்ச் வொர்க்கிங் டைம்' பகுதியில் சனியை வேலை நாளாக்கி, வேலை நடக்காத போயா (பௌர்ணமி) நாட்களையும் பொங்கலையும் விடுமுறையாகப் பதியுங்கள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. நாட்காட்டியில் 9 மணித்தியாலம் என்று மாற்றிவிட்டு, 'ஆப்ஷன்ஸ்' பகுதியில் ஒரு நாள் என்பது 8 மணித்தியாலம் என்றே விட்டால், நீங்கள் 10 நாள் என்று எழுதும் வேலை ஒன்பதாம் நாளே முடிந்துவிடும். மென்பொருள் அதை 80 மணித்தியாலமாகத்தான் எடுத்துக்கொள்கிறது. இரண்டு இடத்திலும் ஒரே எண் இருக்கட்டும்.

அடுத்து, வேலைகளை 'ஆட்டோ ஷெட்யூல்' முறைக்கு மாற்றுங்கள். புதிய வேலைகள் பெரும்பாலும் கைமுறையில்தான் பதிவாகும். அப்படியே விட்டால் தேதிகள் தாமாக நகராது.

சரி, இனி முக்கியமான கணக்கு:

வேலை = கால அளவு × ஆள் அளவு

ஒரு மேசன் முழு நேரமும் நின்று 10 நாளில் பூசி முடிப்பார் என்றால், வேலை 80 மணித்தியாலம். இந்த மூன்றில் ஒன்றை நீங்கள் மாற்றினால், இன்னொன்றை மென்பொருள் பிடித்து வைத்துக்கொண்டு மூன்றாவதை மாற்றும். எதைப் பிடிப்பது என்பதைச் சொல்வதுதான் 'டாஸ்க் டைப்'. மென்பொருளில் முதலில் இருப்பது 'ஃபிக்ஸ்டு யூனிட்ஸ்', அதாவது ஆள் அளவைப் பிடித்து வைப்பது. அதோடு 'எஃபர்ட் ட்ரிவன்' (ஆள் கூடினாலும் மொத்த வேலை மாறாது) கட்டத்தையும் டிக் செய்துவிட்டு இரண்டாவது மேசனைச் சேருங்கள்: 80 மணித்தியாலம் இருவருக்கும் பிரிந்து, 10 நாள் 5 ஆகும். டிக் இல்லையென்றால் நாள் குறையாது. வேலைதான் 160 ஆகும். திட்டம் தப்பாகப் போவது பெரும்பாலும் இந்த ஒரு டிக்கால்தான். ஆகவே ஆளைச் சேர்த்த உடனே 'வொர்க்' நிரலைப் பாருங்கள்.

எல்லா வேலையும் ஆளைக் கூட்டினால் சுருங்காது. கொங்கிரீட் போட்டபின் 7 நாள் தண்ணீர் ஊற்றி ஈரமாக வைத்திருக்க வேண்டும். நான்கு பேர் நின்றாலும் அதே ஏழு நாள்தான். அதற்குக் கால அளவைப் பிடித்து வைக்கும் 'ஃபிக்ஸ்டு டியுரேஷன்' கொடுங்கள். 7 என்ற எண்ணை அடுத்து இ, டி என்ற ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் (7ed) ஞாயிறு, போயா, இரவு எல்லாம் சேர்த்து எண்ணும். கொங்கிரீட்டுக்கு ஏது ஞாயிறு!

அப்புறம் ஆளின் சுமை. ஒரே எலக்ட்ரீஷியனுக்கு இரண்டு அறைகளின் வயரிங்கை ஒரே நாட்களில் முழு நேரமாகக் கொடுத்தால், அவர் சுமை 200 சதவீதம். 'ரிசோர்ஸ் ஷீட்' பகுதியில் அவர் பெயர் சிவப்பாகும். மென்பொருள் அவ்வளவோடு நின்றுவிடும், தேதியைத் தானாகத் தள்ளாது. 'லெவல்' கட்டளை கொடுத்தால் ஒரு அறையின் வேலையைப் பின்னே நகர்த்தும். கொடுத்ததும் கடைசி வேலை முடியும் தேதியைப் பாருங்கள். ஏப்ரலைத் தாண்டியிருந்தால் இன்னொரு எலக்ட்ரீஷியனை இப்போதே பேசி வையுங்கள்.