வெளிநாட்டு சபை மாடலைப் பார்க்கும்போது நாம செய்ற தவறுகள்

அமெரிக்கா, கொரியா சபைங்க வீடியோவப் பாத்துட்டு அதே ஸ்டேஜ், அதே லைட், அதே செல் குரூப்னு (வீடுகள்ல கூடுற சின்னச் சின்ன ஜெபக் குழு) இங்க அப்படியே இறக்குறவங்க நிறைய பேர், அதே வீடியோவப் பாத்துட்டு எல்லாம் காசுக்காகன்னு ஒதுக்குறவங்களும் நிறைய பேர். இந்த வழக்கம் எந்த ஊரு பொருளாதாரத்துல, எந்த நாட்டு அரசியல்ல முளைச்சதுன்னு ரெண்டு பேருமே கேக்குறதில்ல. அங்கதான் தப்பு ஆரம்பிக்குது.

முதல்ல, கூட்டத்தை வச்சு ஆசீர்வாதத்தை அளக்குறது. ராபர்ட் ஷுல்லர்ங்கிற அமெரிக்கப் போதகர் 1955-ல கலிபோர்னியா ஆரஞ்ச் கவுண்டில சபை ஆரம்பிச்சப்போ, கார்ல இருந்தே படம் பாக்குற டிரைவ்-இன் தியேட்டர்ல ஸ்நாக்ஸ் கடை கூரை மேல நின்னு பிரசங்கம் பண்ணாரு, ஜனங்க கார்லயே உக்காந்து கேட்டாங்க. உலகப்போர் முடிஞ்சு புறநகரெல்லாம் பெருகி குடும்பத்துக்கு ஒரு கார்னு வந்த காலம் அது, அதனால அது அங்க எடுபட்டுச்சு. 1980-ல கிறிஸ்டல் கதீட்ரல்னு பிரம்மாண்டமான கண்ணாடி ஆலயம், வாராவாரம் டிவி நிகழ்ச்சி. 2010-ல திவால் மனு, அப்புறம் கட்டடம் ஆரஞ்ச் கத்தோலிக்க மறைமாவட்டத்துக்குப் போயிடுச்சு. ஷுல்லரோட விசுவாசம் பொய்னு நான் சொல்லல. காரும் புறநகரும் டிவியும் சேர்ந்து கொண்டு வந்த கூட்டத்தை முழுசா எழுப்புதல்னு, அதாவது கர்த்தர் தந்த ஆன்மீக எழுச்சின்னு எண்ணிட்டா, கூட்டம் குறையிற அன்னிக்கு கர்த்தர் கைவிட்டுட்டார்னு சாதாரண விசுவாசி உடைஞ்சு போவாங்க, அதுதான் என் பயம்.

விசுவாசிச்சா பணமும் சுகமும் வரும்ங்கிற செழிப்பு உபதேசத்தை அது பிறந்த இடத்தை விட்டுப் பிரிச்சுப் பாக்குறது அடுத்த தப்பு. கொரியாவுல பெரிய சபைய உருவாக்குன போதகர் யாங்கி சோ, சியோல்ல ஏழைங்க இருந்த பகுதில கூடாரத்துல ஊழியம் ஆரம்பிச்சது 1958, கொரியப் போர் நின்னு அஞ்சு வருஷம்தான் ஆகுது, அவரே காசநோயில சாவைத் தொட்டு வந்தவர். பசியில இருக்கிறவன்கிட்ட ஆத்துமாவுக்கு மட்டும்தான் ஆசீர்வாதம்னு சொன்னா அவன் எங்க போவான், அதனால சரீரத்துக்கும் பிழைப்புக்கும் சேர்த்துத்தான்னு அவர் சொன்னது அன்னிக்கு நம்பிக்கை. நாடு பணக்கார நாடான பிறகும் அதே வார்த்தைய அப்படியே சொல்லும்போது அது ஆறுதலா இல்லாம ஆசையா மாறிடுது. 2014-ல சபைக்கு நஷ்டம் உண்டாக்கின வழக்குல அவரையே கோர்ட் குற்றவாளின்னு சொல்லுச்சு. இதுல முதல் பாதிய மட்டும் படிச்சாலும் தப்பு, ரெண்டாவது பாதிய மட்டும் படிச்சாலும் தப்பு.

நாட்டுப்பற்றையும் பக்தியையும் ஒண்ணாக் குழப்புறதும் உண்டு. அமெரிக்க சபைகள் பலதுல பீடத்துப் பக்கத்துல தேசியக்கொடி நிக்கும். கொடிக்கு எடுக்குற உறுதிமொழில கடவுள் பேரைச் சேர்த்தது 1954-ல, கடவுளை நம்புறோம்ங்கிற வரிய தேசிய வாசகமா ஆக்குனது 1956-ல, ரெண்டுமே கம்யூனிசத்தோட பனிப்போர் நடந்த காலம். ஜெர்மனில அரசும் சபையும் சேர்ற விதமே வேற மாதிரி, அங்க சபை உறுப்பினர்கள்கிட்ட அவங்க கட்டுற வருமான வரித் தொகையில 8 அல்லது 9 சதவீதத்தை கூடுதலா சபை வரின்னு அரசாங்கமே பிடிச்சுக் கொடுக்குது, அதனால அங்க காணிக்கைப் பிரசங்கத்தோட தொனியே வேற.

எனக்கு ரொம்ப வலிக்கிற தப்பு, வெளிநாட்டுலேர்ந்து வர்ற எல்லாத்தையும் வெளிநாட்டுச் சரக்குன்னு நினைக்கிறது. சபை வளர்ச்சி பயிற்சிகள்ல ஒரே மாதிரி ஆளுங்களை டார்கெட் பண்ணுங்க, வேகமா வளரும்னு சொல்வாங்கல்ல, அந்தக் கொள்கைக்குப் பேர் வாங்கிக் கொடுத்த டொனால்டு மெக்காவ்ரன் 1897-ல மத்திய இந்தியாவுல தமோல பிறந்தவர், இங்கயே மிஷனரியா இருந்தவர். ஜாதி ஜாதியா மக்கள் கூட்டமா கிறிஸ்தவத்துக்கு மாறுறதை இங்க பாத்துத்தான், இனம் மொழி வர்க்கம்னு வேலி தாண்டாம கிறிஸ்தவனாகத்தான் மனுஷன் விரும்புறான்னு சொன்னாரு. அது அமெரிக்கா போயி புறநகர் நடுத்தர வர்க்கத்துக்கான சபையா வளர்ந்து, மறுபடி நம்மகிட்ட புது டெக்னிக்கா வந்து நிக்குது. நம்ம திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்துல 19-ம் நூற்றாண்டுல ஜாதிக்கு ஒரு பக்கம்னு ரெண்டு கூடமா, நடுவுல சுவரோட கோயில் கட்டி, 20-ம் நூற்றாண்டு தொடக்கத்துல அந்தச் சுவரை இடிக்க என்ன பாடு பட்டாங்க. எபேசியர் 2-ல நடுச்சுவரைத் தகர்த்ததா வாசிக்கிற நாம, அதே சுவரை வளர்ச்சி உத்தின்னு திரும்பக் கட்டக் கூடாது. பயிற்சிக்குப் போறதுக்கு முன்னாடி உங்க சபைல நம்ம ஆளுங்கன்னு யாரைச் சொல்றாங்க, கமிட்டில எந்தத் தெருக்காரங்க இல்ல, கல்லறைத் தோட்டம் ஒண்ணா ரெண்டா, இதைப் போயி விசாரிங்க.