தாய் கான்ட்ராக்ட் உருவாக்கும் பிள்ளை கான்ட்ராக்ட்டுகளைக் கண்டுபிடிப்பது எப்படி?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு அக்கா நாலைந்து சீட்டு நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சீட்டுக்கும் எத்தீரியம் பிளாக்செயினில் தனி ஸ்மார்ட் கான்ட்ராக்ட் (தானாக இயங்கும் நிரல்). அவற்றை உருவாக்கித் தருவது ஃபேக்டரி எனப்படும் தாய் கான்ட்ராக்ட். அக்கா புதுச் சீட்டு தொடங்கினால் அதன் முகவரியை எப்படிப் பிடிப்பது? பழகிப் பார்க்க ரெமிக்ஸும் (உலாவியிலேயே கான்ட்ராக்ட் எழுதும் கருவி) செபோலியா டெஸ்ட்நெட்டும் (எத்தீரியத்தின் சோதனை வலையமைப்பு) போதும், கைக்காசு போகாது.

பலரும் முதலில் தேடுவது பரிவர்த்தனையின் ரசீதில் உள்ள கான்ட்ராக்ட் முகவரியை. அது காலியாகத்தான் இருக்கும். வாலட்டிலிருந்து நேரடியாக டிப்ளாய் செய்தால் (பிளாக்செயினில் ஏற்றினால்) மட்டுமே அங்கே முகவரி வரும்.

படி 1: ஃபேக்டரியில் ஒரு ஈவென்ட் (நடந்ததை லாக் எனும் பதிவாக விட்டுச்செல்லும் அறிவிப்பு) எழுதுங்கள். பிள்ளையின் முகவரி, நடத்துபவரின் முகவரி இரண்டுக்கும் இண்டெக்ஸ்டு, அதாவது தேடி வடிகட்ட உதவும் குறி, போடுங்கள் (மூன்று வரை போடலாம்). இதில் சோம்பல் வேண்டாம். டோக்கன்களை மாற்றிக்கொள்ளும் தளமான யூனிஸ்வாப் வி2-இன் ஃபேக்டரி ஈவென்ட்டில் இரண்டு டோக்கன்களுக்குத்தான் இண்டெக்ஸ்டு உண்டு, புதிதாகப் பிறக்கும் டோக்கன் ஜோடி (பேர்) கான்ட்ராக்ட்டின் முகவரிக்கு இல்லை. அதனால் அந்த முகவரியை வைத்து லாகுகளை வடிகட்ட முடியாது.

படி 2: ஒரு சீட்டை உருவாக்கிவிட்டு, ஈதர்ஸ்கேனில் (பிளாக்செயின் பரிவர்த்தனைகளைக் காட்டும் தளம்) அந்தப் பரிவர்த்தனையின் லாக்ஸ் பகுதியைத் திறவுங்கள். முதல் டாபிக் (லாகில் தேடக்கூடிய புலம்), ஈவென்ட் கையொப்பத்தின் ஹாஷ். அடுத்ததில் வரிசையாக 24 பூஜ்யங்கள், அப்புறம் 40 எழுத்துகள். அந்த 40தான் பிள்ளையின் முகவரி.

படி 3: ஈதர்ஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் குவெரி ஃபில்டரால், ஃபேக்டரி டிப்ளாய் ஆன பிளாக்கிலிருந்து தேடுங்கள். பிளாக்செயின் தரவைக் கேட்டு வாங்க உதவும் இலவச ஆர்பிசி சேவைகள் ஒரே மூச்சில் எல்லா பிளாக்கையும் தராது. துண்டு துண்டாகக் கேளுங்கள். கடைசியாகப் படித்த பிளாக் எண்ணைச் சேமித்து வையுங்கள். முக்கியமாக, ஃபேக்டரியின் முகவரியையும் ஃபில்டரில் சேர்த்துவிடுங்கள். அதே பெயரில் ஈவென்ட் விட யாராலும் முடியும்.

படி 4: கிடைத்த முகவரிகளைப் பட்டியலில் சேர்த்து, அவற்றின் ஈவென்ட்டுகளையும் கேளுங்கள்.

சரி, அடுத்தவர் எழுதிய ஃபேக்டரி, ஈவென்ட்டே இல்லை என்றால்? ஈதர்ஸ்கேனின் இன்டர்னல் டிரான்சாக்ஷன்ஸ் பகுதியில் கிரியேட் என்று வருவதைப் பாருங்கள். கணக்குப் போட்டும் எடுக்கலாம்: சாதாரண கிரியேட்டில் ஃபேக்டரியின் முகவரியும் நான்ஸும் (ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று கூடும் எண்) சேர்ந்தே பிள்ளையின் முகவரியைத் தீர்மானிக்கின்றன. கான்ட்ராக்ட்டின் நான்ஸ் 1இலிருந்து தொடங்கும். கிரியேட்2 என்ற இன்னொரு முறை என்றால் நான்ஸ் உதவாது. சால்ட்டும் (ஃபேக்டரி கொடுக்கும் ஒரு மதிப்பு) இனிட் கோடும் (பிள்ளையை உருவாக்கும் கோட்) வேண்டும். கணக்கில் வந்த முகவரியில் உண்மையிலேயே கோட் இருக்கிறதா என்று கெட்கோட் மூலம் பார்த்துவிட்டுப் பட்டியலில் ஏற்றுங்கள்.