உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி ஸ்டார்ட் ஆகவில்லையா?

சாவியைத் திருப்பியும் சத்தமே இல்லையென்றால் என்ஜினைப் பிரிக்க அவசரப்படாதீர்கள். சீட்டில் நன்றாக உட்கார்ந்து, பிரேக் பெடலை முழுவதும் அழுத்தி, பிளேடு சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று தவறினாலும் பாதுகாப்பு சுவிட்ச் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் விடாது. சீட்டுக்கு அடியில் கழன்று கிடக்கும் ஒயரையும் கவனியுங்கள், அது அடிக்கடி நடப்பதுதான்.

'டிக்' என்று மட்டும் கேட்டால் பேட்டரியைப் பாருங்கள். முழு சார்ஜில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். முனைகளில் பூத்த பொடியைத் தேய்த்து எடுத்துவிட்டு இறுக்கினாலே சில சமயம் சரியாகிவிடும்.

என்ஜின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லையா? எனக்கு முதல் சந்தேகம் பழைய பெட்ரோல்மேல்தான். மாதக்கணக்கில் டேங்கில் கிடந்தால் அது பிசுபிசுத்து பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் நுண்துளையை அடைத்துவிடும். வடித்துவிட்டுப் புதியது ஊற்றுங்கள். அப்படியும் பிடிக்காவிட்டால், சில முறை முயன்றபின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது; தீப்பொறி இல்லை, அல்லது காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் சோக் அதிகமாகிவிட்டது.

பிளேடு பக்கம் கை கொண்டுபோகும் முன் ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றிவிடுங்கள். இதை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள்.