நாலு தேன்பெட்டி வைத்திருப்பவர் சட்டப்படி தேன் விற்பது எப்படி?

களக்காட்டில் வாழைத்தோப்புக்குள் நாலு பெட்டி, திசையன்விளையில் முருங்கைக்கு நடுவே பத்துப் பெட்டி என்று வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “வீட்டில் எடுக்கிற தேனை விற்க லைசென்ஸ் வேணுமா?” காசு வாங்கி விற்கத் தொடங்கிவிட்டால் பதிவு வேண்டும். அதில் அலைச்சல் அதிகமில்லை. ஆனால் பதிவுக்கு முன்னால் பெட்டியருகே முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

படி 1: ஈரம்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் தரப்படி தேனில் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சுக்ரோஸ் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சூடாக்கினால் கூடிவிடும் எச்.எம்.எஃப். என்ற பொருள் கிலோவுக்கு 80 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

நம்மைப் போன்ற சிறிய ஆட்கள் சறுக்குவது ஈரத்தில்தான். முதல் வருஷம் சித்திரையில் கோடைமழை மேகத்தைப் பார்த்துப் பதறி, ஈரம் வற்றாமல் இன்னும் மெழுகு மூடாத அடைகளையும் சேர்த்துச் சுழற்றித் தேன் எடுத்துவிட்டேன். மூன்று வாரத்தில் பாட்டிலெல்லாம் நுரைத்துப் புளித்தது. வாங்கிய அத்தை ஒருவர், “சீனிப்பாகு கலந்துட்டியாய்யா?” என்று கேட்டார். ஒரு சொட்டுப் பாகு கலக்கவில்லை. ஆனாலும் என்னிடம் பதில் இல்லை.

அதனால் அடையில் முக்கால் பங்கு அறைகளாவது மெழுகால் மூடியிருந்தால் மட்டும் எடுங்கள். பெட்டியின் மேலே இருக்கும் தேன் அறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கீழே புழு அறையைத் தொட வேண்டாம். நாம் பெட்டியில் வளர்க்கும் அடுக்குத் தேனீயின் தேனில் இயல்பாகவே தண்ணீர் கொஞ்சம் அதிகம் என்பதால் கையடக்க ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால் ஈரம் தெரிந்துவிடும். ஈரம் கூடுதலாக இருக்கிறதே என்று அடுப்பில் காய்ச்சாதீர்கள், எச்.எம்.எஃப். ஏறிவிடும். பூ இல்லாத மாதங்களில் சர்க்கரைப் பாகு ஊட்டுவது தப்பில்லை. ஆனால் ஊட்டுவதை நிறுத்திய பிறகுதான் மேல் அறையை ஏற்ற வேண்டும். இல்லையென்றால் தேனீக்கள் அந்தப் பாகையும் கொண்டுபோய் அடையில் சேர்த்துவிடும்.

பாளையங்கோட்டையில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவுப்படி, வாங்கியவரே கட்டணம் கட்டித் தேனைச் சோதிக்கக் கொடுக்கலாம். ஒவ்வொரு பாட்டிலும் அங்கே போகக்கூடும் என்று நினைத்தே அடையுங்கள்.

படி 2: பதிவு

2011-இல் வந்த விதிமுறை, ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய் வரை உள்ளவர்களைச் சிறு உணவு வணிகர் என்று வகைப்படுத்தியது. இவர்களுக்கு உரிமம் தேவையில்லை, பதிவு போதும். அந்த விதிமுறை வைத்த கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். வரம்பும் கட்டணமும் திருத்தப்படலாம் என்பதால் விண்ணப்பிக்கும் அன்று ஆணையத்தின் ‘ஃபோஸ்கோஸ்’ தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அதே தளத்தில் புகைப்படம், அடையாள அட்டை, தேன் அடைக்கும் இடத்தின் முகவரிச் சான்று ஆகியவற்றை ஏற்றினால் விண்ணப்பம் முடிந்தது. கணினி பழக்கமில்லாதவர்கள் இ-சேவை மையத்தில் கேட்கலாம். பதிவு கிடைத்ததும் 14 இலக்க எண் வரும்.

பாபநாசம் மலையில் காணிப் பழங்குடி மக்களிடம் மலைத்தேன் வாங்கி அடைப்பவர்கள் அதை ‘சொந்தப் பண்ணைத் தேன்’ என்று விற்காதீர்கள். காட்டுத் தேன் எடுக்கும் உரிமையை 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காணி மக்களுக்குத் தந்திருக்கிறது. பிறர் எடுத்த தேனை வாங்கி அடைப்பதைப் பதிவிலும் அப்படியே சொல்லுங்கள்.

படி 3: தராசும் லேபிளும்

நம் ஊரில் தேனை லிட்டர் கணக்கில் கேட்பார்கள். லேபிளில் எடைதான் போட வேண்டும். அரை லிட்டர் பாட்டிலில் சுமார் 700 கிராம் தேன் பிடிக்கும். தராசுக்குத் தொழிலாளர் துறையின் முத்திரை இருக்கட்டும். பொட்டலமிடுபவராக அங்கே தனியாக ஒரு பதிவும் உண்டு. பொட்டலமிடத் தொடங்கிய 90 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

லேபிளில் ‘தேன்’ என்ற பெயர், உங்கள் பெயரும் முகவரியும், நிகர எடை, எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, அடைத்த தேதி, பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி, தொகுதி எண், புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண், ஆணையத்தின் முத்திரையோடு அந்த 14 இலக்க எண் எல்லாம் வர வேண்டும். சைவக் குறியான பச்சைப் புள்ளியும் போடுங்கள். அசைவம் என்பதற்கான விளக்கத்திலிருந்து தேனுக்கு விலக்கு இருக்கிறது. ‘சர்க்கரை நோய் குணமாகும்’ மாதிரியான வரிகள் கூடவே கூடாது. தப்பான லேபிளுக்கு 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

பழைய மதுப்பாட்டிலைக் கழுவி அடைப்பதை இன்னும் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். புதுக் கண்ணாடிப் பாட்டிலாக வாங்குங்கள்.

என் லேபிளில் நானாகச் சேர்த்த ஒரு வரி உண்டு: ‘ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்குத் தேன் கொடுக்க வேண்டாம்.’ பிறந்த பிள்ளையின் நாக்கில் சேனை தொட்டு வைக்கத் தேன் கேட்டு இன்றும் ஆள் வருகிறார்கள். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் பச்சிளங்குழந்தையின் குடலில் பெருகி, உயிருக்கே ஆபத்தான நஞ்சை உண்டாக்கலாம். எதற்கு என்று கேட்டுவிட்டுத்தான் பாட்டிலை எடுக்கிறேன். சேனைக்கு என்றால் விபரத்தைச் சொல்லி, தராமல் அனுப்பிவிடுகிறேன்.