பின்களின் பணியை மாற்ற ஒரு டிபக்எஃப்எஸ் கோப்பு: படிப்படியான விளக்கம்

பீகிள்போன் பிளாக் என்ற சிறு கணினிப் பலகையின் ஏஎம்335எக்ஸ் சிப்பில் ஒரே பின்னுக்கு (வெளி இணைப்பு முனைக்கு) எட்டுப் பணிகள் வரை இருக்கலாம். பின்னுக்குரிய ரிஜிஸ்டர் என்ற சிறு நினைவிடத்தின் கீழ் மூன்று பிட்டுகளில் 0 முதல் 7 வரை எந்த எண் உள்ளதோ, அதற்கேற்ப அந்தப் பின் யூஆர்ட், ஐ2சி ஆகிய தகவல்தொடர்பு இணைப்புகளில் ஒன்றாகவோ, ஜிபிஐஓ என்ற பொதுப் பயன்பாட்டு உள்ளீடு-வெளியீடாகவோ இயங்கும். வழக்கமாக இதை டிவைஸ் ட்ரீயில் (வன்பொருளை லினக்ஸுக்கு விவரிக்கும் கோப்பில்) எழுதிப் பலகையை மீண்டும் பூட் செய்கிறோம். சோதனையின்போது ஒவ்வொரு மாற்றத்துக்கும் இப்படிச் செய்தால் நாளே போய்விடும் என்பதால், 2021இல் வெளிவந்த லினக்ஸ் 5.13இல் பின்மக்ஸ்-செலக்ட் என்ற கோப்பு டிபக்எஃப்எஸ்ஸில், அதாவது பிழைதிருத்தத்துக்காகக் கெர்னல் (லினக்ஸின் மையநிரல்) தரும் கோப்பு முறைமையில், சேர்க்கப்பட்டது. அதை முன்மாதிரியாக வைத்தே இந்த வடிவமைப்பைப் பார்ப்போம்.

படி 1: கோப்பில் பயனர் எதை எழுத வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ரிஜிஸ்டர் முகவரியையும் எண்ணையும் கேட்டால், ஓர் இலக்கம் பிசகினாலும் வேறொரு பின் மாறிவிடும். ஆகவே பின்களின் குழுப் பெயர், ஓர் இடைவெளி, பணியின் பெயர் என்ற வரிசையே பாதுகாப்பானது.

படி 2: பின்களின் பணியைக் கட்டுப்படுத்தும் பின்கண்ட்ரோல் சாதனத்தின் டிபக்எஃப்எஸ் அடைவில், 0200 அனுமதியுடன் கோப்பை உருவாக்குங்கள். ரூட் பயனர் எழுத மட்டுமே இது பயன்படும்.

படி 3: எழுதும் செயற்கூறில்தான் முழுக் கவனமும் தேவை. பயனர் தரும் சுட்டியை (நினைவக முகவரியை) நேரடியாகத் தொடாமல், நீளத்துக்கு வரம்பு வைத்து, எழுத்துகளைக் கெர்னல் நினைவகத்துக்கு நகலெடுங்கள். எக்கோ கட்டளை வரியின் இறுதியில் ஒரு புதுவரிக் குறியைச் சேர்க்கும். அதை நீக்காவிட்டால், திரையில் சரியாகத் தெரியும் பெயர்கூடப் பட்டியலில் இல்லை என்றே பதில் வரும். தொடக்கநிலையில் பலரைத் திணறவைப்பது இந்த ஒற்றை எழுத்துதான். பிறகு முதல் இடைவெளியில் சரத்தைப் பிரித்து, பணி உண்டா, அந்தப் பணிக்குரிய குழுக்களில் கேட்ட குழு இருக்கிறதா என்று சரிபாருங்கள். எந்தச் சோதனை தவறினாலும், வன்பொருளைத் தொடுவதற்கு முன்பே பிழைக் குறியீட்டுடன் திரும்பிவிட வேண்டும்.

படி 4: எல்லாம் சரியென்றால் டிரைவரின் (வன்பொருளை இயக்கும் நிரலின்) பணியை மாற்றும் செட்-மக்ஸ் செயற்கூறை அழைத்து, பெற்ற எழுத்துகளின் எண்ணிக்கையைத் திருப்பிக் கொடுங்கள். இந்த நேரடி அழைப்பு, அந்தப் பின்னை வேறொரு டிரைவர் பயன்படுத்துகிறதா என்று பார்ப்பதில்லை. எதிர்முனையும் வெளியீடாக இருக்கும் பின்னை வெளியீடாக மாற்றினால் சிப்பே பழுதாகலாம். எனவே எழுதுவதற்கு முன் பின்மக்ஸ்-பின்ஸ் கோப்பைப் படித்து, அந்தப் பின் யார் வசம் உள்ளது என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.