மருந்தா, பேச்சுச் சிகிச்சையா: முடிவெடுக்கும் முன்

மனநலச் சிகிச்சைக்கு மாத்திரை சாப்பிடுவதா, கவுன்சிலிங் போவதா என்ற கேள்வியை எல்லா நோய்க்கும் ஒன்றுபோலக் கேட்க முடியாது. யாரும் இல்லாத இடத்தில் குரல் கேட்பது, பக்கத்து வீட்டார் சோற்றில் மருந்து வைக்கிறார்கள் என்று அசையாமல் நம்புவது, நான்கைந்து இரவுகள் தூங்காமலும் களைப்பின்றிக் கடன் வாங்கிச் செலவழித்துத் திரிவது போன்ற அறிகுறிகள் இருந்தால், மனநல மருத்துவரைப் பார்த்து மருந்தைத் தொடங்குவதே முதல் வேலை. பேச்சுச் சிகிச்சை பின்னர் துணையாக வரலாம். மனநோய் தீர வேண்டிக் குணசீலம் பெருமாள் கோயிலில் 48 நாள் தங்குவதாக நேர்ந்துகொள்ளும் குடும்பங்கள் நம் பக்கத்தில் உண்டு. நேர்த்திக்கடனைச் செலுத்தட்டும், மாத்திரைப் பட்டையும் பையோடு போகட்டும்.

தேர்வுக்கு இடமிருப்பது லேசான, நடுத்தர மனச்சோர்விலும், பதற்ற நோயிலும், ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வந்து ஒரே செயலைச் செய்யத் தூண்டும் எண்ணச் சுழற்சி நோயிலுமே (ஓ.சி.டி.). இவற்றில் இரு வழிகளும் பலன் தருபவை என்பதால், நோயாளிக்கு இப்போது எதைச் செய்யத் தெம்பிருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பேச்சுச் சிகிச்சையைப் பலரும் ஆறுதல் சொல்வது என்று நினைக்கிறார்கள்; அதில் வேலை அதிகம். ஒருவர் இரவில் போர் மோட்டாரை நிறுத்திவிட்டு வரப்பில் பாதி தூரம் வருவதற்குள் நிறுத்தினோமா என்று சந்தேகப்பட்டு, டார்ச்சோடு ஆறேழு முறை திரும்பிப் போய்ப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உளவியலாளர் அவரிடம் ‘நிறுத்தியிருப்பீர்கள், கவலைப்படாதீர்கள்’ என்று சொல்ல மாட்டார். ஒருமுறை மட்டும் பார்த்துவிட்டு வீடு திரும்ப வேண்டும், எவ்வளவு குடைந்தாலும் மறுபடி போகக் கூடாது, எழும் பதற்றத்துக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுக் கால் மணிக்கு ஒருமுறை நோட்டில் குறிக்க வேண்டும் என்பார். எட்டு, எட்டு, ஏழு, ஐந்து என்று அது தானாக இறங்குவதைத் தன் கையெழுத்திலேயே பார்ப்பதுதான் சிகிச்சை. வாரம் ஒருமுறை, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை, பெரும்பாலும் 12 முதல் 16 அமர்வுகள் ஆகும்.

குளிக்கவும் எழ முடியாமல், எடை குறைந்து, விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துப் படுத்துக் கிடப்பவரிடம் இந்த வீட்டுப் பாடத்தைக் கொடுப்பதில் பயனில்லை. அவருக்கு மருந்தே முதலில் கை கொடுக்கும். தெளிவு வரத் தொடங்கியதும் பேச்சுச் சிகிச்சையையும் சேர்த்துக்கொண்டால், தனியாக ஒன்றை எடுப்பதைவிட நல்லது. செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்ய இரண்டு வாரம் முதல் ஆறு வாரம் வரை ஆகலாம். ஆனால் குமட்டலும் படபடப்பும் முதல் வாரத்திலேயே வந்துவிடக்கூடும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பலர் நிறுத்துவது இந்த இடைவெளியில்தான். ‘பழகிவிட்டால் விட முடியாது’ என்ற பயம், பதற்றத்தைத் தணிக்கத் தரப்படும் அல்பிரசோலம் போன்ற மாத்திரைகளுக்குப் பொருந்தும். அவற்றைச் சீட்டு இல்லாமல் கடையில் கேட்டு வாங்கிப் போடுபவர்கள் மனச்சோர்வு மாத்திரைக்குத் தயங்குவது எனக்கு விளங்காத விஷயம்.

இனி நடைமுறை. முத்துப்பேட்டையிலிருந்து வாரந்தோறும் தஞ்சாவூருக்குப் பஸ் ஏற ஒரு நாள் கூலி போகும். மாதம் ஒருமுறை மருத்துவரைப் பார்க்க மட்டுமே முடியுமென்றால், மருந்தில் தொடங்குவதில் குறைவொன்றும் இல்லை. பாதியில் நின்றுபோகும் பேச்சுச் சிகிச்சையைவிடத் தொடர்ந்து எடுக்கும் மாத்திரை மேல் என்பது என் கருத்து. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு எந்த நாளில் வருகிறார் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். உளவியலாளரிடம் போகிறவர்கள் அவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா என்று கேட்கத் தயங்க வேண்டாம். கர்ப்பம், தாய்ப்பால், குடிப்பழக்கம், ஏற்கெனவே சாப்பிடும் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் ஆகியவற்றை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. தைராய்டு குறைவும் ரத்தசோகையும் மனச்சோர்வு போலவே தோன்றக்கூடும் என்பதால், ரத்தப் பரிசோதனை தேவையா என்றும் கேளுங்கள்.

உயிரை விட்டுவிடலாம் என்ற பேச்சு எழுந்தால் எந்தச் சிகிச்சை என்று யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது. வீட்டிலிருக்கும் பூச்சிமருந்தை அன்றே அப்புறப்படுத்துங்கள். அவரைத் தனியே விடாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். எந்நேரமும் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

ஆறு வாரம் ஆகியும் மாற்றமில்லையென்றால் அளவையோ மருந்தையோ மாற்றுவது பற்றிப் பேச வேண்டும். ஏழெட்டு அமர்வுக்குப் பின்னும் அசையாத பேச்சுச் சிகிச்சைக்கும் இதுவே முறை. குணமானதும் மாத்திரையை உடனே விட்டுவிடக் கூடாது. குறைந்தது ஆறு மாதமாவது தொடர வேண்டும். ஆடிப்பெருக்குச் சமயத்தில் தொடங்கிப் புரட்டாசியில் தெளிந்தவர், சம்பா அறுவடை முடிந்து பங்குனி வரும்வரை சாப்பிட வேண்டியிருக்கும். அதன்பின் மருத்துவர் சொல்லும் கணக்கில் அளவைப் படிப்படியாகக் குறைப்பதை, நடவும் கடன் தவணையும் ஒன்றாக நெருக்காத மாதமாகப் பார்த்து வைத்துக்கொள்ளலாம்.